பிரேக் டப்பா மூடி

அக்கா கேட்டபோது ‘ஊத்திட்டேன்’ என்று சொன்னேன். ஊற்றவில்லை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இப்போதுதான் தூங்கினார். அம்மா ஆஸ்பத்திரியில் அக்காவோடு இருக்கிறாள். இதை முழுசாக இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுக்கிற ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, பெரிய லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அக்காவின் வேலை. பைக்கின் பின்னால் இரும்புக் கேரியர், அதன்மேல் பெட்டி. காலை ஐந்தரைக்கு முதல் நடை. தெருவில் அவளுக்குக் கொசு என்று பேர். மாடிவீட்டு அத்தை வைத்தது. “என்ன, கொசு கெளம்பிடுச்சா? இன்னிக்கு எத்தன பேரக் கடிச்சுட்டு வரப் போற?” என்று மாடிப்படியில் நின்று தினமும் கேட்பாள். அக்காவுக்குக் கோபமே வராது. “உங்க ரத்தம் வேணாம் அத்தை, சக்கர ஜாஸ்தி” என்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் மழையில் நனைந்து வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“முன்பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குதுடி. புடிச்சா ஹேண்டில் வரைக்கும் வருது.”

“அதான் மெக்கானிக் கடையில, ஸ்பானர் அண்ணன்கிட்ட விட்டியே.”

“விட்டேன். பத்து நாள் ஆச்சு. பிரேக் ஆயில் புதுசா மாத்திட்டேன்னு சொன்னாரு. கொறஞ்சா ஊத்திக்கோன்னு ஒரு சின்ன பாட்டிலும் குடுத்தாரு. நீ ஊத்திடு.”

“நானா?”

“வலதுகைப் பக்கம் ஒரு சின்ன டப்பா இருக்கும். மூடியில ரெண்டு ஸ்க்ரூ. கழட்டு, உள்ள ஒரு கோடு இருக்கும், கோடு வரைக்கும் ஊத்து, மூடு. தண்ணி மட்டும் படக்கூடாது.”

“நீயே ஊத்தேன்.”

“நான் இப்பத் தூங்கலன்னா நாளைக்கு வண்டியில தூங்குவேன்.”

மாடிப்படிக்கு அடியில்தான் வண்டி நிற்கும். தையல் மெஷின் டிராயரில் அம்மாவின் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. விரல் நீளம், முனை மெல்லிசு. ஸ்க்ரூவில் கூட்டல் குறி மாதிரி பள்ளம். வைத்தேன், திருகினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தித் திருகினேன். ‘நறுக்’கென்று வழுக்கியது. மூன்றாவது தரம் வழுக்கியபோது கூட்டல் குறியின் ஓரம் போயிருந்தது. ஐந்தாறு தரம் ஆனதும் அது வெறும் வட்டக் குழி. என் விரலில் பளபளவென்று இரும்புத் தூள் ஒட்டியிருந்தது.

அப்போதே போய் எழுப்பியிருக்கலாம். ‘உனக்கு ஒரு வேல குடுத்தா ரெண்டு வேலையாத் திரும்பி வரும்’ என்பது அக்கா எப்போதும் சொல்வது. அதைக் கேட்க வேண்டாம் என்றிருந்தது. அவ்வளவுதான் காரணம். எத்தனை முறை யோசித்தாலும் இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

பாட்டில் திறக்காமலே இருந்தால் கேட்பாளே என்று மூடியை உடைத்து, பாதியை பாத்ரூமில் கொட்டினேன். கதவின் அடியில் கொஞ்சம் தெறித்தது. காலையில் அந்த இடத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது.

ஐந்து மணிக்குப் போர்வைக்கு மேலே தட்டினாள். “ஊத்தினியா?”

“ஊத்திட்டேன்.”

“சரி, தூங்கு மூட்டப்பூச்சி.”

ஆறேகாலுக்கு மேம்பாலம் இறங்குகிற இடத்தில் காய்கறி வண்டி ஒன்று நின்றிருந்தது. பிரேக்கைப் பிடித்தாள், ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டது. பின்பிரேக்கை மிதித்தாள், ஈரத்தில் சறுக்கியது. வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஐஸ் பெட்டி உடைந்து குழாய்கள் நொறுங்கி, ரோட்டில் கிடந்த ரத்தம் முழுக்க அவளுடையது என்று நினைத்துத் தூக்கியவர்கள் அழுதார்களாம். அது பதினேழு பேருடைய ரத்தம் என்று அக்கா அவர்களிடம் சொல்லிக்கொண்டே மயங்கியிருக்கிறாள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எதிரே இருந்த தண்ணீர் கேனில் குமிழி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பன் வாங்கித் தந்தார்கள். சாப்பிட்டேன்.

லேபின் சூப்பர்வைசர் வந்து அப்பாவைத் தனியாக அழைத்துப் பேசினார். வண்டியில் கோளாறு என்றால் கால் சரியாகும் வரைக்கும் வேலையை வைத்திருப்பார்கள். வேகமாக ஓட்டி இடித்தது என்றால் எடுத்துவிடுவார்கள், வேறு எந்த லேபும் சேர்த்துக்கொள்ளாது. மெக்கானிக்கை வைத்துப் பார்த்து, ஞாயிறு சாயங்காலத்துக்குள் போன் பண்ணச் சொன்னார்.

அப்பா அட்டைப்பெட்டி கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். கோபம் வந்தால் கத்த மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். இடித்த வண்டியை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் நிறுத்தியிருந்தார். ஞாயிறு மத்தியானம் அவரே போய் ஸ்பானர் அண்ணனைக் கூட்டிவந்தார். அண்ணன் வரும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, பத்து நாள் முன்னாடி என் கையால ஆயில் மாத்துன வண்டி. பிரேக் புடிக்கலன்னா நான் எப்படிண்ணே நம்புவேன்?”

“நீ நம்ப வேணாம் தம்பி. தொறந்து பாரு. நீ மாத்துன, சின்னவ அதுக்கு மேலயும் ஊத்துனா. அப்பறம் எங்க போச்சு ஆயில்? எங்கயாவது ஒழுகுதான்னு பாத்துச் சொல்லு.”

அந்த டப்பாவில் ஆயில் அளவு பார்க்க ஒரு சின்ன வட்டக் கண்ணாடி உண்டு. அது எப்போதோ மஞ்சளாகி மங்கிவிட்டது. மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

அண்ணன் குனிந்து மூடியைப் பார்த்தார்.

“ஸ்க்ரூத் தலைய யாரு இப்படி மழுக்கி வச்சது?”

அப்பா என்னைப் பார்த்தார். “நீதான ஊத்துன?”

“மூடும்போது... ரொம்ப இறுக்கிட்டேன்.”

எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. ஸ்பானர் அண்ணன் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

ஊசியால் குழியில் இருந்த அழுக்கைக் கிளறி எடுத்தார். துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சினார். சின்னச் சுத்தியலால் ஸ்க்ரூத் தலையில் டொக் டொக்கென்று தட்டினார்.

“எதுக்குத் தட்டற?” என்றார் அப்பா.

“உள்ள புடிச்சிருக்குல்ல, அத எழுப்பி விடறேன். அப்பறம் எண்ண எறங்கும்.”

காத்திருந்தோம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வரவில்லை. மாடிப்படிக்கு அடியில் புழுக்கம். ஹேண்டிலை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. அண்ணன் இரண்டு முறை “அழுத்திப் புடி பாப்பா” என்றார்.

நரநரவென்று மணல் கலந்த ஒரு பசையை டிரைவர் முனையில் தடவி, நெஞ்சால் அழுத்தித் திருகினார். வழுக்கியது. பசையைத் துடைத்துவிட்டு மறுபடி தடவினார். மறுபடி வழுக்கியது.

மாடிவீட்டு அத்தை பாதிப் படி இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். “ஒரு ஸ்க்ரூவுக்கு மூணு பேரா? பிரசவம் பாக்கற மாதிரி சுத்தி நிக்கறீங்க!”

“சுகப்பிரசவம் இல்லக்கா, ஆபரேஷன் கேஸு” என்றார் அண்ணன்.

“ட்ரில் போட்டுத் தலையப் பறிச்சுடேன்யா.”

“தூள் உள்ள விழுந்தா ஆயில்ல போவும். அப்பறம் மொத்த பிரேக்கும் காலி. சும்மா இருங்க.”

“நான் சும்மாதான் இருக்கேன். கொசு எப்படியிருக்குன்னு கேக்க வந்தேன்.”

“கால்ல கம்பி வச்சிருக்காங்க” என்றார் அப்பா. “நாளைக்கு வீட்டுக்கு வந்துடுவா.”

“பாவம், குடுகுடுன்னு ஓடற புள்ள” என்று அத்தை ஏறிப் போனாள்.

அப்போது அம்மா போன் பண்ணினாள். அப்பா வாசலுக்குப் போய்ப் பேசினார். மருந்துச் சீட்டு, மாற்றுத் துணி, யார் எப்போது வருவது என்று நீண்டது. அந்த நேரத்தில்தான் அண்ணன் பையிலிருந்து சின்ன உளியை எடுத்தார். ஸ்க்ரூத் தலையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, ஒரு தட்டு தட்டி வடு ஏற்படுத்தினார். அந்த வடுவில் உளியை வைத்து, கழலுகிற பக்கமாகத் தட்டினார். டொக். டொக். மூச்சுவிடாமல் தட்டினார். கொஞ்சம் தவறினாலும் அலுமினிய டப்பா உடைந்துவிடும்.

‘கிர்ர்’ரென்று ஒரு சத்தம். ஸ்க்ரூ நகர்ந்தது. இடுக்கியால் பிடித்து முழுதும் வெளியே எடுத்தார். புரி முழுக்க வெள்ளையாக, உப்புப் பூத்த மாதிரி, கெட்டியாகப் பொடி. மற்ற ஸ்க்ரூவின் தலை நன்றாக இருந்தது. அதையும் தட்டித்தான் கழற்றினார், அதே சத்தத்தோடு, அதே வெள்ளைப் பொடியோடு.

மூடியைத் தூக்கினார். உள்ளே கோட்டுக்கு எவ்வளவோ கீழே, அடியில் கொஞ்சம் கறுப்பாகக் கிடந்தது. என் பாட்டிலில் இருந்தது தண்ணீர் மாதிரி லேசான மஞ்சள். இது டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது.

நான் பொடியைப் பார்த்தேன், ஆயிலைப் பார்த்தேன். நான் அந்த மூடியைத் திறக்கவில்லை. இவரும் திறக்கவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார். இரண்டு ஸ்க்ரூவையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துணியால் டப்பாவின் ஓரத்திலிருந்த பொடியைத் துடைத்தார்.

அப்பா உள்ளே வந்தார். “தொறந்துட்டியா? என்ன, காலியாக் கெடக்கு?”

“வண்டி சாஞ்சு கெடந்துச்சுல்லண்ணே, அதுல ஒழுகியிருக்கும்.”

“கறுப்பா இருக்கே?”

“ஓடுனா கறுக்கும். இஞ்சின் ஆயில் கறுக்கறதில்ல?”

அப்பா குனிந்து டியூபைத் தடவினார். சக்கரத்துப் பக்கம் கையை விட்டுத் தடவினார். எங்கேயும் ஈரம் இல்லை. நிமிர்ந்தார்.

“அப்ப விழறதுக்கு முன்னாடி பிரேக் நல்லாத்தான் இருந்திருக்கு.”

“என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலண்ணே.”

“அவதான் வேகமாப் போயிருக்கா.”

அண்ணன் துணியை மடித்தார். “சின்ன வயசு. எறக்கம் வேற.”

“நாலு நாளா சத்தியம் பண்றா, பிரேக் புடிக்கலப்பா, புடிக்கலப்பான்னு. நானும் பெத்த பொண்ணாச்சேன்னு நம்பிட்டேன்.” அப்பா போனை எடுத்தார். “நம்ம மேல தப்ப வச்சுக்கிட்டு ஊர்ல யார் மேலயும் பழி போடக் கூடாது. சொல்லிடறேன் அந்த ஆள்கிட்ட. வண்டியும் வேணாம், வேலையும் வேணாம். கால் சரியானதும் வீட்ல இருக்கட்டும்.”

சூப்பர்வைசர் நம்பரைத் தேடி அவர் விரல் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஸ்பானர் அண்ணன் தரையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்திருந்தார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் அக்கா தலையில் போய் உட்கார்ந்துவிடும், அவள் படுத்திருக்கிற இடத்திலேயே.

“அப்பா, போன் பண்ணாதீங்க.”

“என்ன?”

“நான் ஊத்தலப்பா.”

“என்ன ஊத்தல?”

“ஆயில். ஸ்க்ரூ வரல. வழுக்கிடுச்சு. ஊத்திட்டேன்னு அக்காகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

போனில் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. அப்பா அதைத் துண்டித்தார்.

“பாட்டில்ல பாதிதான இருக்கு?”

“பாத்ரூம்ல கொட்டிட்டேன்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

ஸ்பானர் அண்ணனுக்குத்தான் உடம்பு லேசானது. “அதான பாத்தேன்! நான் மாத்துன ஆயில் கொஞ்சம் எறங்கியிருக்கு. பாப்பா ஊத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. விடுங்கண்ணே, சின்னப் புள்ள. நான் வண்டிய கடைக்குத் தள்ளிட்டுப் போறேன். கொசு எழுந்து நடக்கறதுக்குள்ள புதுசு மாதிரி கொண்டாந்து விடறேன்.” ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

என் தப்பைச் சொல்லியாயிற்று. அதற்கு மேல் பேச எனக்கு என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நின்றேன். அவர் வண்டியை வாசல் பக்கம் திருப்பினார். இதே வண்டியில்தான் அக்கா மறுபடி மேம்பாலத்தில் இறங்குவாள். காலை ஐந்து மணிக்கு, ‘மாத்திட்டேன்’ என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு.

கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவர் தள்ளினார். வண்டி நகரவில்லை. திரும்பிப் பார்த்தார். “விடு பாப்பா.”

“அப்பா, இவரும் மாத்தலப்பா.”

“இந்தா, என்ன பேசற நீ?” என்றார் அண்ணன். “அண்ணே, ஒரு பொய்ய இப்பத்தான் ஒத்துக்கிச்சு. அதுக்குள்ள அடுத்தத எடுத்து விடுது பாருங்க.”

“பொய் இல்ல. அந்த ரெண்டு ஸ்க்ரூவப் பாருங்கப்பா.”

அப்பா கையை நீட்டினார். “குடு தம்பி.”

“அது கீழ எங்கயோ விழுந்திருக்கும்.”

“சட்டப் பையில இருக்கு” என்றேன்.

அண்ணன் ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டார். பிறகு பைக்குள் இரண்டு விரலை விட்டு எடுத்துக் கொடுத்தார். அப்பா வெளிச்சத்துக்குப் போய் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் ஒன்றின் புரியைச் சுரண்டினார். பொடி சுலபமாக உதிரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மெஷினைக் கழற்றிப் பூட்டுகிற கை அது.

“பத்து நாள் முன்னாடி கழட்டுன ஸ்க்ரூவாய்யா இது?”

அண்ணன் ஸ்க்ரூவைப் பார்க்காமல் டயரைப் பார்த்தார்.

“சொல்லு. எத்தன வருசமா யாரும் தொடாத ஸ்க்ரூ?”

அண்ணன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார். “அன்னிக்குக் கடையில பதினோரு வண்டிண்ணே. பையன் வேற லீவு. நானும் திருகிப் பாத்தேன், வரல. அடிச்சா டப்பா ஒடஞ்சுடும், அப்பறம் புது டப்பாவுக்கு எங்க போறதுன்னு... பாட்டில குடுத்துட்டா அடுத்த வாட்டி பாத்துக்கலாம்னு நெனச்சேன்.”

“மாத்திட்டேன்னு ஏன்யா சொன்ன?”

“கொசு கேட்டுச்சு. மாத்திட்டீங்களாண்ணேன்னு கேட்டுச்சு. வாய்ல வந்துடுச்சு.”

நான் தரையைப் பார்த்தேன்.

அப்பா கத்தவில்லை. “வண்டிய உட்டுட்டுப் போ” என்று மட்டும் சொன்னார். அண்ணன் சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். உளியை மறந்துவிட்டுப் போய், வாசலிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். என்னைத் தாண்டும்போது பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அப்பா சூப்பர்வைசருக்குப் போன் பண்ணினார். “பிரேக்குலதான் சார் கோளாறு. தப்பு எங்க வீட்லதான், ஆனா அவ மேல இல்ல. நானே நேர்ல வந்து சொல்றேன்” என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, “சரிங்க சார், சரிங்க சார்” என்றார். வைத்த பிறகு இன்னொரு நம்பரை அழுத்தி, போனை என் கையில் கொடுத்தார்.

“நீயே சொல்லு.”

அம்மா எடுத்தாள். அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். மாத்திரை மயக்கத்தில் அவள் குரல் ஈரத்துணி மாதிரி இருந்தது.

“என்ன மூட்டப்பூச்சி?”

சொன்னேன். ஸ்க்ரூ வழுக்கியது, கொட்டியது, காலையில் சொன்ன பொய். ஸ்பானர் அண்ணனைப் பற்றி கடைசியில்தான் சொன்னேன். அதை முதலில் சொல்லக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

“அக்கா?”

“நாலு நாளா நானே குழம்பிட்டேன்டி. புடிச்சேனா, புடிக்கலயா, கனவான்னு. லேப்ல யாரும் நம்பல. எனக்கே என் மேல நம்பிக்க போச்சு.”

“புடிச்ச அக்கா. நீ புடிச்ச.”

“அது எனக்கு இப்பத் தெரியுது.” தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. “அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“சரி. போன அப்பாகிட்ட குடு.”

“அக்கா...”

“குடுன்றேன்ல.”

கொடுத்தேன். அவர்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். அப்பா திரும்பி நின்றுகொண்டார். ஒரு தரம் முகத்தைத் தோளில் துடைத்தது தெரிந்தது. நான் போய்ச் சோறு வைத்தேன். சாப்பிட்டோம். குழம்பில் உப்பு போட மறந்திருந்தேன், அவர் சொல்லவில்லை. பிறகு நாங்கள் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளி மாடிப்படிக்கு அடியில் நிறுத்தினோம்.

நாளைக்குப் பத்து மணிக்கு அவளைக் கூட்டிவருகிறார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கட்டில்தான். கட்டுப்போட்ட காலுக்கு இடம் வேண்டும் என்று என் தலையணையை எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். கட்டிலைத் துடைத்து, விரிப்பு மாற்றி, தண்ணீர் பாட்டில் எட்டுகிற தூரத்தில் ஸ்டூலை நகர்த்தி வைத்தாயிற்று. அவள் திட்டினால் என்ன சொல்வது என்று இரண்டு மூன்று பதில் யோசித்து வைத்திருக்கிறேன். அறைந்தாலும் பரவாயில்லை.

ஒன்றுமே பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை.